விசில் வரும்வரை

கூடத்தில் இருந்தவர்கள் ஒன்பது பேர். சன்னலோரம் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளில் பக்கத்து வீட்டுக்காரர்கள். எதிர்ச் சுவரில் செருப்பு அலமாரியை ஒட்டிய பெஞ்சில் தொழிற்சாலை ஆட்கள் இருவர்; அவர்கள் பக்கத்தில் உட்கார மனமில்லாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்த ஃபோர்மேன். நடுவே கிடத்தியிருந்த அவள் கணவரின் தலைமாட்டில் நாத்தனார், கால்மாட்டில் அவள். மகள் உள்ளறை வாசலில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக உட்கார்ந்திருந்தாள்.

எண்ணி முடித்ததும் சந்தேகம் வந்து மறுபடி எண்ணினாள். பத்து வந்தது. அவரையும் சேர்த்துவிட்டாள்.

எந்த அறைக்குள் போனாலும் முதலில் ஆட்களை எண்ண வேண்டும், பிறகு வெளியேறும் வழிகளைப் பார்க்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். பெயிண்ட் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் தீப் பாதுகாப்பு மேற்பார்வையாளர். மாதம் ஒருமுறை நானூறு பேரை முற்றத்துக்கு ஓடவைத்து, தலையெண்ணி, கடைசி ஆள் வரிசையில் நின்ற பிறகுதான் கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்து ஊதுவார். ஊதும்வரை ஒத்திகை முடியவில்லை என்று பொருள். மழையோ வெயிலோ, யாரும் அசையக் கூடாது. அங்கே அவருக்கு விசில் என்றே பெயர். கல்யாணப் பத்திரிகை உறைமேல் ‘திரு. விசில், குடும்பத்துடன்’ என்று எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு.

மகளுக்கு ஒன்பது மணி நேரப் பயண தூரத்தில் கல்லூரி கிடைத்த நாளிலிருந்து அந்த விசில் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஞாயிறுதோறும் மாலை ஓர் ஒத்திகை. பையும் போனும் தொலைந்து பேருந்து நிலையத்தில் நிற்கிறாய், என்ன செய்வாய்? விடுதியில் புகை வருகிறது, எந்தப் படியில் இறங்குவாய்? மகள் செய்துகாட்ட வேண்டும். செய்ததை நிமிடம் குறித்து நோட்டில் எழுத வேண்டும். கடைசியில் ‘தவறு’ என்று ஒரு வரி. அதை அவர் நிரப்புவார். மூன்று வாரத்துக்கு முன்னால் தலையில் துண்டைக் கூந்தல்போலத் தொங்கவிட்டுக்கொண்டு தரையில் சாய்ந்தார்.

“நான் உன் ரூம்மேட். டயட்டுன்னு மூணு நாளா சாப்பிடல. மயங்கிட்டேன். ம், ஆரம்பி.”

“மீசை வச்ச ரூம்மேட்டாப்பா?”

“மயங்கினவ பேச மாட்டா. டைம் ஓடுது.”

அன்று சமையலறையில் நின்று சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்ததை அவள் கவனிக்கவில்லை.

அவளுடைய ஏற்பாடு வேறு மாதிரி. சலவைக் கடையில் துணிகளுக்கு அடையாள எண் தைப்பதுதான் அவள் வேலை. விடுதியில் மகளுக்குக் கொடுத்த எண் இருநூற்றுப் பதினான்கு. நாற்பத்தாறு உருப்படிகளுக்கும் உள்பக்கமாக அந்த எண்ணைத் தைக்க வேண்டும். கடையில் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலையை வீட்டில் இரண்டு மாதமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். மூன்று துண்டுகளைத் தைக்காமலே பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை.

நேற்று ஞாயிறு. கடைசி ஒத்திகை என்று மட்டும் சொல்லியிருந்தார். என்ன ஒத்திகை என்று சொல்லவில்லை. முன்கூட்டிச் சொன்னால் அது ஒத்திகையே இல்லை என்பார். நாலு பத்துக்கு விழுந்தார்.

ஃபோர்மேன் அவளருகே குனிந்தார்.

“ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க தங்கச்சி. வேற வீடா இருந்தா கத்திக் கூப்பாடு போட்டே பாதி நேரம் போயிருக்கும். இது விசில் வீடு. ஒரு நிமிஷம்கூட வீணாகியிருக்காது. அந்த மட்டும் நாம செய்ய வேண்டியதைச் செஞ்சோம்னு இருக்கலாம்.”

அவள் தலையசைத்தாள். வாசலில் மகளின் கண்கள் நிமிர்ந்து, அவள் முகத்தில் ஒரு கணம் நின்று, விலகின.

சொல்லிவிடுவாளோ?

நேற்று அவள் டீ வடிகட்டிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து சிரிப்போடு குரல் வந்தது. “அம்மா, அப்பா இன்னைக்கு குறட்டை எஃபெக்டெல்லாம் குடுக்கறாரு.” அவளும் சிரித்தாள். “விடு, விசில் வரட்டும்.” கொஞ்சம் பொறுத்து மறுபடி, இந்த முறை சிரிப்பில்லாமல்: “அம்மா, கொஞ்சம் வந்து பாரேன்.” அவள் போகவில்லை. “நான் வந்தா ஒத்திகையைக் கெடுத்துட்டேன்னு அதுக்கு வேற பாட்டு கேக்கணும். விசில் ஊதிட்டு ரெண்டு பேரும் வந்து சேருங்க, டீ ஆறுது.” சொல்லிவிட்டு மூன்று தம்ளர்களிலும் மட்டம் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். மூன்றாவது முறை மகள் கூப்பிடவில்லை; அலறினாள்.

ஆம்புலன்ஸ் ஆள் அவர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி மகளின் கையில் கொடுத்தார். குறட்டைபோல் வந்தது குறட்டை இல்லை, இதயம் நின்றவருக்கு வரும் கடைசி மூச்சு என்று சொன்னவரும் அந்த ஆள்தான். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தது என்று கேட்டார். அவள் மகளைப் பார்த்தாள். மகள் விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இன்று மூன்று மணிக்கு மயான வண்டி வந்ததும் அவரை எடுத்துப்போனார்கள். எல்லாம் முடிந்து திரும்பியபோது ஐந்து. கூடத்தில் நாற்காலிகள் அப்படியே இருந்தன. நாத்தனார் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே பேசினாள்.

“அண்ணி, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. பாப்பா படிப்பை ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க. இந்த வீட்ல தனியா எப்படி இருப்பீங்க? அவளுக்கும் போக இஷ்டமில்ல.”

“யாரு சொன்னா?”

“காலைல பெட்டியைத் தொறந்து துணியெல்லாம் எடுத்து பழையபடி அலமாரில அடுக்கிட்டா. என்ன பாப்பா இதுன்னேன். நான் போகல அத்தைன்னுட்டா. அந்த காலேஜ் ஃபாரம் நாளைக்குள்ள தபால்ல போகணுமாமே? அனுப்பாம விட்டா போச்சு. யாரும் வந்து கேக்கப் போறதில்ல.”

ஃபாரம் குளிர்சாதனப் பெட்டியின் மேல், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. எல்லாவற்றையும் அவர் நிரப்பிவிட்டார். பெற்றோர் கையெழுத்து மட்டும் பாக்கி. கடைசி ஒத்திகை முடிந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து போடலாம் என்று சொல்லியிருந்தார். 

அனுப்பாமல் விட்டால் போச்சு. அந்த எண்ணத்தில் எவ்வளவு நிம்மதி இருந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. மகள் இங்கேயே இருப்பாள். ராத்திரியில் பக்கத்து அறையில் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்கும். இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். சாப்பிடும்போது நேற்றைக் குறித்து ஒருவரும் பேச மாட்டார்கள். நாளைக்கும் பேச மாட்டார்கள். அடுத்த வருடமும்.

நாத்தனார் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனதும் அவள் உள்ளறைக்குள் நுழைந்தாள். கட்டில்மேல் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே நோட்டு மட்டும் இருந்தது. கடைசியாக எழுதிய பக்கத்தில் பேனா செருகியிருந்தது.

ஒத்திகை 9. ஞாயிறு.
இருந்தவர்கள்: அப்பா – செருப்பு அலமாரிக்கும் மேசைக்கும் நடுவில். நான் – சோபா. அம்மா – சமையலறை.
4.10 விழுந்தார்.
4.11 தோளைத் தட்டிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மூச்சு குறட்டைபோல்.
4.12 ஆம்புலன்ஸுக்கு போன், ஒத்திகை முறைப்படி. எண்ணை வாயால் சொன்னேன். அழுத்தவில்லை.
4.13 விசிலுக்குக் காத்திருந்தேன்.
4.14 காத்திருந்தேன்.
4.15 காத்திருந்தேன்.
4.16 குறட்டை நின்றது.
4.17 ஆம்புலன்ஸுக்கு போன்.
தவறு: என்னுடையது.

கட்டிலில் உட்கார்ந்து இரண்டாவது முறை படித்தாள். மூன்றாவது முறை விரல் வைத்துப் படித்தாள். ‘அம்மா – சமையலறை.’ அதற்குமேல் அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

“அம்மா.”

மகள் வாசலில் நின்றாள். அவள் நோட்டை மூடவில்லை.

“டாக்டர்கிட்ட கேட்டியா?” என்றாள் மகள்.

“எதை?”

“அஞ்சு நிமிஷத்தை.”

“இல்ல.”

“கேக்கப் போறியா?”

“தெரியலடி. கேட்டா என்ன சொல்லிடுவாரோன்னு பயமா இருக்கு.”

மகள் வந்து கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் காலிப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. பின்கட்டில் யாரோ சரியாக மூடாத குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் மூட இருவருக்கும் தோன்றவில்லை.

அவள் பேனாவை எடுத்தாள். 4.13க்கு எதிரே இடம் இருந்தது. சலவைக் கடையில் எண் தைப்பதுபோலச் சின்னதாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். ‘அம்மாவைக் கூப்பிட்டாள். விடு, விசில் வரட்டும் என்றேன்.’ 4.15க்கு எதிரே: ‘வந்து பார் என்றாள். போகவில்லை. டீ ஆறுகிறது என்றேன்.’ கடைசி வரியில் மகளின் எழுத்தை அடிக்காமல், பக்கத்தில் ‘அம்மாவுடையதும்’ என்று எழுதி நோட்டை நீட்டினாள்.

மகள் நெடுநேரம் படித்தாள்.

“இதை யாரும் படிக்க மாட்டாங்கம்மா. எதுக்கு எழுதின?”

“நீ படிப்பே. அங்க போய் எப்பவாவது எடுத்துப் பாத்தா, அரைகுறையா இருக்கக் கூடாது.”

“நான் போகல.”

“ஏன்?”

“அங்க யாராவது விழுந்தா?”

“போனை அழுத்து. அங்க விசில் ஊத யாரும் இல்ல.”

மகள் நோட்டின் ஓரத்தை மடித்தாள், நிமிர்த்தினாள், மறுபடி மடித்தாள். பிறகு, பெட்டியைப் பார்த்தபடியே, மிகச் சின்னக் குரலில் கேட்டாள்:

“நீ விழுந்தா?”

நேற்றிலிருந்து குளியலறைக்குப் போகும்போதுகூட அவள் தாழ்ப்பாள் போடவில்லை. அதை எப்படிச் சொல்வது?

“விழறதுக்கு முன்னாடி உனக்கு ஒரு போன் அடிச்சுட்டு விழறேன்” என்றாள்.

“ஜோக்கா இது?”

“உங்கப்பா ஜோக்கைவிட தேவலாம்.”

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். அது சிரிப்பாக முடியவில்லை. அவள் எழுந்து, பெட்டியைச் சுற்றிக்கொண்டு மகள் பக்கம் போய் உட்கார்ந்தாள். திரும்பி வந்த நாத்தனார் வாசல்வரை வந்துவிட்டு, போய்க் குழாயை மூடினாள்.

மறுநாள் காலையில் அவள் முகம் கழுவிவிட்டு வந்தபோது மேசைமேல் மூன்று துண்டுகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மகள் வெளிச்சத்தில் ஊசியைப் பிடித்து நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்கு நம்பர் போடலையே நீ.”

“மறந்துட்டேன்.”

“மூணையுமா?”

அவள் ஊசியை வாங்கினாள். இருநூற்றுப் பதினான்கை மூன்று முறை தைக்கப் பத்து நிமிடம் பிடித்தது.

ஃபாரத்தின் இரண்டாம் பக்கத்தில், அவசரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் அவர் பெயரும் எண்ணும் அச்சுப்போல இருந்தன. பதிவேட்டில் திருத்தம் செய்யும்போது கீழே இருப்பது படிக்கும்படி ஒற்றைக் கோடுதான் போட வேண்டும் என்பார். அளவுகோலை வைத்து ஒற்றைக் கோடு போட்டாள். மேலே தன் பெயரையும் எண்ணையும் எழுதி, ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்திட்டாள். உறவு என்ற இடத்தில் ‘தாய்’ என்று எழுதினாள். பிறகு கீழே, இருவருக்குமாக விட்டிருந்த இடத்தில் அவள் ஒருத்தி கையெழுத்துப் போட்டாள். இன்னொரு கோடு காலியாக நின்றது.

தபால் நிலையத்தில் கூட்டமில்லை. உள்ளே நுழைந்ததும் மகளின் உதடுகள் அசைந்தன.

“ஏழு பேரு.”

“நம்மளையும் சேர்த்தா?”

“சேர்த்து.”

கவுண்டர் பக்கத்துப் பலகையில் வைத்து உறையை ஒட்டினாள். பசை பழசு, மடிப்பின் ஒரு முனை கிளம்பிக்கொண்டே இருந்தது. அவள் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். மறுமுனையில் மகள் அழுத்தினாள். சுவர்க் கடிகாரத்தின் முள் ஒரு முழுச் சுற்று வரும்வரை இருவரும் அப்படியே பிடித்திருந்தார்கள்.

கவுண்டரில் இருந்த பெண் கண்ணாடித் தடுப்பின் அடியில் கைநீட்டி உறையைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

“விடுங்கம்மா.”

விட்டாள். முத்திரை இரண்டு முறை விழுந்தது. உறை பின்னால் தொங்கிய சாக்குப் பைக்குள் போனது. மகள் ரசீதை வாங்கி, அதில் அச்சாகியிருந்த நேரத்தை வாசித்தாள்.

“பத்து நாப்பத்தி ரெண்டு.”

அவர்களுக்குப் பின்னால் இருந்தவர் முன்னால் வந்தார். இருவரும் ஓரமாக ஒதுங்கி, ஓர் ஆள் வந்து அந்தப் பையின் வாயைக் கயிற்றால் கட்டித் தோளில் தூக்கிப் போகும்வரை அங்கேயே நின்றார்கள்.