மோத்தேர் மோர்

வீராம்பட்டினத்து இளஞ்செழியனின் சிவப்பு இத்தாலிக் காருக்கு இன்ஜின் கிடையாது. ஆனாலும் அது ஓடும். கடலூர் வரைக்கும் போய் வந்திருக்கிறது. ஒருமுறை அரியாங்குப்பத்தில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி முன்பக்க மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே மீன் கூடை இருந்தது. இந்த ஜாதிக் காருக்கு இன்ஜின் பின்னால்தான் இருக்கும் சார் என்று இளஞ்செழியன் சொன்னதும் பின்பக்கம் போய்த் திறந்து பார்த்தார். அங்கே மடித்து வைத்த வலை இருந்தது. இன்ஜின் இல்லாமல் கார் ஓட்டினால் எந்தப் பிரிவில் அபராதம் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. சீட் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவைத்தார். ஊரிலும் இப்போது இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சங்கரா மீன் விலையைத்தான் பேசுகிறார்கள்.

அந்தக் காரை வாங்கிய கதையில் ஆளைக் குற்றம் சொல்ல முடியாது, காதைத்தான் சொல்ல வேண்டும். இளஞ்செழியனின் ஃபைபர் படகில் இருந்த இன்ஜின், நடுக்கடலில் இருமிக்கொண்டு நிற்கப் பழகியிருந்தது. புதிது வாங்குவதற்காக அவனும் அவன் மனைவி துர்காவும் சிறுகச் சிறுகச் சேர்த்ததை எடுத்துக்கொண்டு ஒருநாள் காலை டவுனுக்குப் போனான். துர்கா தெருத் தெருவாக மீன் விற்பவள். அவள் சுய்ஃப்ரேன் வீதி முனையில் "மீனேய்" என்று ஒரு குரல் கொடுத்தால், அடுத்த தெருவில் குழம்புக்குப் புளி கரைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த வீதியில் அவளுக்கு வாடிக்கையான முசியே ஆனந்தராஜ் வஞ்சிரம் கேட்டிருந்தார். போகிற வழியில் கொடுத்துவிடு என்று புருஷனிடம் பையைக் கொடுத்தனுப்பியதே அவள்தான். அந்த வருத்தம் அவளுக்கு ரொம்ப நாள் இருந்தது.

ஆனந்தராஜ் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், கூப்பிடும்போது ஐயாவுக்குப் பதில் முசியே. திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்த கார் அது. அவர் வீட்டுப் பாதாம் மரத்தடியில் இலை மூடிக் கிடந்தது. மகளோடு இருக்க அவர் மறுபடியும் பிரான்சுக்கே போகப்போகிறார், அதனால் காரை இரும்பு விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று தெரிந்ததும் இளஞ்செழியன் பையைக் கீழே வைத்துவிட்டு இலைகளைத் தள்ளிப் பார்த்தான். சங்கரா மீனைப் போன்ற சிவப்பு. தரையோடு தரையாகக் கிடந்து, எந்த நிமிஷமும் பாயப்போகிற மாதிரி இருந்தது. மனுஷன் அங்கேயே விழுந்துவிட்டான். ஆனந்தராஜ் நேர்மையானவர், எதையும் மறைக்கவில்லை. ஆனால் முக்கியமான விஷயம் எதுவாக இருந்தாலும் அவர் வாயில் பிரெஞ்சில்தான் வரும்.

"சொல்லாம விக்கக் கூடாது தம்பி. மோத்தேர் மோர்" என்றார்.

பிரெஞ்சில் மோர் என்றால் செத்துப்போனது. தமிழில் மோர் என்றால் மோர்தான். மோத்தேர் என்பது மோட்டார் என்று இளஞ்செழியனுக்குப் புரிந்தது. மிச்சத்தைத் தன் அனுபவத்தில் இருந்து எடுத்துக்கொண்டான். வெயிலில் கிடந்த வண்டி, உடம்பு சூடு ஏறியிருக்கிறது, மோர் கேட்கிறது. பெரிய மனிதர்கள் எதையும் நாசூக்காகத்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு, கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான்.

ஆடி மாதம் அம்மன் தேரை வடம் பிடித்து இழுக்கிற ஊருக்கு ஒரு காரை இழுப்பது பெரிய வேலை இல்லை. படகுக் கயிற்றைக் கட்டிப் பத்துப் பதினைந்து பேர் இழுத்து வந்தார்கள். பிரேக் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால் திருப்பங்களில் தேருக்குப் போடுவது மாதிரி முட்டுக்கட்டை போட்டார்கள். வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் இளஞ்செழியன் முதல் காரியமாக ஒரு பானை மோர் கரைக்கச் சொன்னான். வந்தவர்களுக்குக் குடிக்க என்று நினைத்துத் துர்காவும் உப்புப் போட்டு, இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தாள். அவன் அதைக் காருக்கு ஊற்றினான். அடுத்த நாள் டவுனை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் காத்தவராயன் வந்து குனிந்து பார்த்தபோது, இன்ஜினின் அடிவயிற்றில் முஷ்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே இருக்கும் ராடு உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. அதன் வழியாக மோர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த இன்ஜினைச் சரிசெய்வதற்குப் பதில் இரண்டு படகு வாங்கிவிடலாம் என்று காத்தவராயன் சொன்னார். பட்டறையில் வைத்துப் பார்க்கிறேன் என்று அதைக் கழற்றி எடுத்துக்கொண்டும் போனார். இன்னும் அது அங்கேதான் கிடக்கிறது. இஞ்சி வாசனை மட்டும் போகவில்லை என்கிறார்.

அன்றைக்குத் துர்கா தெருவே கேட்கச் சொன்னாள்: "இன்ஜின் வாங்கப் போன ஆளு, இன்ஜின் இல்லாத கார வாங்கினு வந்துருக்க. உன்கிட்ட இன்னா பேசறது? இந்த வண்டி எப்ப வாயத் தொறக்குதோ அப்பதான்யா நானும் வாயத் தொறப்பேன். அம்மன் மேல ஆணை."

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை. ஆணை புருஷனுக்குத்தானே, மற்றவர்களிடம் பேசலாமே என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொல்லவில்லை, பேசினால்தானே பதில் சொல்வதற்கு. வியாபாரம் படுத்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. வாயைத் திறக்காதவளிடம் எவ்வளவு நேரம் பேரம் பேசுவது? வாடிக்கைக்காரர்கள் ஒரு விலை சொல்வார்கள், அவள் பார்ப்பாள், அவர்களே ஏற்றிச் சொல்வார்கள். வீடுதான் வெறிச்சோடிப் போனது. இளஞ்செழியன் இன்னொருவர் படகில் கூலிக்குப் போய்வந்தான். கரையேறினால் யார் யாரோடு சண்டை, எந்த வீட்டில் நாய் குட்டி போட்டது, எதுவும் தெரியாது. குழம்பில் உப்பு இல்லை என்று இவன் சொன்னால், நாக்கில் ருசி இல்லை என்று திருப்பிச் சொல்ல ஆளில்லை. ஒரு பெண்பிள்ளையின் வசவுக்கு இப்படி ஏங்குவோம் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

கார் வாசலிலேயே நின்றது. துர்கா அதன் மேல் வலை காயப்போட்டாள், முன்பக்கத்தில் கூடையை வைத்தாள், மத்தியான வெயிலுக்கு உள்ளே போய் உட்கார்ந்தாள். அப்படி அவள் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம்தான் பக்கத்து வீட்டுக் கலையரசி அந்த வழியாகப் போனாள். அவளும் மீன்காரி, துர்காவுக்கும் அவளுக்கும் பல வருஷமாக ஆகாது. "இன்னா, மகாராணிக்கு ரதம் கெளம்பலியா இன்னும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அதற்கு ஒரு பதில் துர்காவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என்ன பதில் என்று அவள் பிற்பாடு சொல்லியிருக்கிறாள், இங்கே எழுத முடியாது. ஆணையை நினைத்து அதை அப்படியே விழுங்கினாள். கார் கிளம்பியது. சத்தமே இல்லாமல், புழுதி மட்டும் கிளப்பிக்கொண்டு, கோயில் வரைக்கும் போய் நின்றது.

அதன் பிறகு இளஞ்செழியனின் நல்ல காலம் என்றுதான் ஊரில் சொன்னார்கள். துர்கா பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டால் கார் போகும். நோணாங்குப்பம் படகுத்துறைப் பக்கத்து ஓட்டல்களுக்கு அதில்தான் மீன் போனது. சுற்றுலா வந்தவர்கள் பாரடைஸ் பீச்சைவிட அதை அதிகம் படம் எடுத்தார்கள். ஆனால் கார் ஓடியதே தவிர வாயைத் திறக்கவில்லை. "அதான் ஓடுதே துர்கா, ஒரு வார்த்த பேசேன்" என்று அவன் கெஞ்சினால், அவள் காதைத் தொட்டுக் காட்டி, சத்தம் எங்கே என்று கையை விரிப்பாள். ஆணை என்றால் ஆணை.

ஒருநாள் மீன் இறக்கிவிட்டுத் திரும்பும்போது துர்கா அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள். நோணாங்குப்பம் பாலத்தின் நடுவில், தூக்கத்திலேயே, "கண்ணாடி இறக்குய்யா, காத்து வரட்டும்" என்றாள். தூக்கத்தில் சொல்வது அம்மன் கணக்கில் சேராது. கார் நின்றுவிட்டது. பின்னால் லாரியும் பஸ்ஸும் ஹாரன் அடித்தன. இளஞ்செழியன் கண்ணாடியை இறக்கிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். இன்னொரு வார்த்தை வருமா என்று பார்த்தான். கண்ணில் நீர் முட்டிவிட்டது அவனுக்கு. லாரிக்காரன் எட்டிப் பார்த்துத் திட்டிய திட்டில் அவள் விழித்துக்கொண்டாள், பதிலுக்கு வந்ததை விழுங்கினாள், கார் எகிறிப் புறப்பட்டது. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. வண்டி ஓடுவது இவள் விழுங்குகிற பேச்சில். இவள் பேசிவிட்டால் வண்டி கிடையாது. வீடு வந்து சேர்வதற்குள் அவன் முடிவு செய்துவிட்டான்.

மறுநாள் காலை கரையில் மீன் ஏலம் நடக்கும் நேரம், ஊரே கூடியிருந்தது. இளஞ்செழியன் காரைத் தள்ளிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினான். பின்பக்க மூடியைத் திறந்து, வலையை எடுத்துப் போட்டுவிட்டு, இன்ஜின் இருந்த குழிக்குள் இறங்கிக் காலை மடக்கி உட்கார்ந்தான். அளவெடுத்துச் செய்தது மாதிரி பொருந்தினான். பிறகு வாயால் சத்தம் கொடுத்தான். முதலில் பழைய படகு இன்ஜினின் இருமல், அப்புறம் கயிற்றை இழுத்ததும் வரும் தும்மல், அப்புறம் பிடித்துக்கொண்டு டடடடவென்று ஒரே சீராக. கழுத்து நரம்பு புடைக்க விடாமல் கத்தினான். ஏலக்காரர் விலை சொல்வதை நிறுத்திவிட்டார். மீன் தூக்க வந்த காக்கைகள்கூடத் தள்ளிப்போய் உட்கார்ந்தன.

துர்கா முதலில் தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம், "யோவ், எறங்குய்யா. ஊரே பாக்குது, மானம் போவுது" என்றாள்.

கார் வாயைத் திறந்துவிட்டது என்று அம்மன் கோயில் பூசாரியே ஒப்புக்கொண்டார். கார் அந்த இடத்திலேயே மணலில் ஒரு விரற்கடை அமுங்கியது. துர்கா பேசினாள். வாயை மூடியிருந்த நாளெல்லாம் நடந்ததை நடந்த வரிசைப்படி சொன்னாள், கலையரசிக்குக் கொடுக்க வேண்டிய பதிலையும் வீடு தேடிப் போய்க் கொடுத்தாள். கலையரசி அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை, உன் வாய் இல்லாமல் தெருவே நல்லா இல்லடி என்று காப்பி போட்டுக் கொடுத்தாள். இளஞ்செழியன் கடலுக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தான். கார் போனதில் அவனுக்குத் துளி வருத்தம் இல்லை. ஆனால் அதுவும் முழுசாகப் போய்விடவில்லை. துர்கா ஒரு காலைப்பொழுது வாயை மூடிக்கொண்டு இருந்தால் பாகூரில் கல்யாணத்துக்குப் போய்வரலாம் என்று பிறகு தெரிந்தது. கடலூருக்கு ஒருநாள் வேண்டும். சென்னைக்கு ஒரு வாரமாவது ஆகும். அதனால் அவர்கள் சென்னைக்குப் போனதில்லை.

போன பொங்கலுக்கு ஆனந்தராஜ் பிரான்சில் இருந்து வந்திருந்தார். அன்றே சொன்னேனே தம்பி, மோத்தேர் மோர் என்று அவர் ஆரம்பிக்க, "மோரும் ஊத்திப் பாத்துட்டேன் முசியே" என்றான் இளஞ்செழியன். திரும்பிப் போகும்போது தன் பழைய காரிலேயே சென்னை விமான நிலையத்துக்குப் போக அவருக்கு ஆசை. அதுக்கென்ன, இருக்கேன் என்று சொல்லித் துர்கா வாயை மூடிக்கொண்டாள். மத்தியானம் சோறு போட்டாள், பேசவில்லை. சாயங்காலம் விளக்கு ஏற்றினாள், பேசவில்லை. இளஞ்செழியன் எழுந்து போய், "முசியே, பஸ்ஸுல ஏசியெல்லாம் நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டான். சேர்ந்திருந்த பேச்சில் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வண்டி வந்தது. பஸ் கிளம்பியதும், "ஒரு நாளு பொறுக்க முடியல உனுக்கு" என்று துர்கா ஆரம்பித்தாள். கார் அங்கேயே நின்றுவிட்டது.

அவள் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேசிக்கொண்டே வந்தாள். அவன் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டே உம் கொட்டிக்கொண்டு வந்தான். முருங்கப்பாக்கத்தில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, இன்ஜின் போச்சா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. பேசினு இருக்கு."

கடைக்காரர் சரி என்று தலையாட்டிவிட்டு, சாலையோரம் நின்ற ஆட்டோவைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னார்.