ஜெபஸ்டினுக்குப் பிடித்த ஆட்டம்

கிரிக்கெட் என்றால் எனக்கு ஆகாது. அதை மறைத்து வைக்கும் பழக்கமும் எனக்குக் கிடையாது. பத்துப் பேர் வெயிலில் காய, ரெண்டு பேர் ஓட, மிச்சப் பேர் மரத்தடியில் கிடந்து கொட்டாவி விடுவதை ஆட்டம் என்று சொன்னால் எரிச்சல் வருமா வராதா? வாலிபாலில் ஆறு பேருக்கும் வேலை உண்டு. என் ‘மாணிக்கம் சிமெண்ட்’ கடைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். கேட்டுச் சலித்துச் சிலர் வேறு கடை பார்த்துப் போயிருக்கலாம். போகட்டும்.

ஜெபஸ்டினிடம்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன். எங்கள் டீமில் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன் அவன், அடிக்கிறவன் நான். இருபத்திரண்டு வருஷம். அடிக்கிறவனுக்குத்தான் கைதட்டு கிடைக்கும். தூக்கிக் கொடுக்கிறவனை ஒரு பயலும் பார்ப்பதில்லை. எனக்கு எவ்வளவு உயரத்தில் பந்து வேண்டும், வலையிலிருந்து எவ்வளவு தள்ளி வேண்டும் என்று நான் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. கேட்காமலே வந்து நிற்கும். கத்துவதெல்லாம் நான்தான். அவன் வாயே திறக்கமாட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில், வேலை பார்க்கிற ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் ஷட்டரைத் தூக்கியவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பது வயசு. ஒரு தலைவலி என்று படுத்தவனில்லை.

அடக்கம் மறுநாள் நாலு மணிக்கு. எங்கள் பக்கம் ஒருத்தர் இறந்தால் பெட்டி எடுக்கும் முன் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றாக வேண்டும். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் டீம் பனியனில், வாலிபாலை இடுப்பில் அணைத்துக்கொண்டு அவன் நிற்கிற போட்டோவைக் கொடுத்து அடித்து, காலையிலேயே கட்டிவிட்டேன்.

மத்தியானம் மாலை வாங்கிக்கொண்டு திரும்பினால், எதிர்ப்பக்கம் இன்னொரு பேனர் நிற்கிறது. என்னுடையதைவிடப் பெரிசு. நீலப் பனியன் போட்ட ஒரு உடம்பு, ஓங்கிய இடது கையில் பந்து, கழுத்துக்கு மேல் ஜெபஸ்டினின் முகம். கீழே, ‘எங்கள் இடது கை பவுலர்’. அதற்கும் கீழே, ‘பனவடலிசத்திரம் கிரிக்கெட் நண்பர்கள்’.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. போன வருஷம் இதே தெருவில் பாலம்மாள் அக்காவின் வீட்டுக்காரர் இறந்தபோது, பேனர் கடைக்காரன் அவர் தலையைக் கோட்டு சூட்டு போட்ட ஏதோ ஒரு உடம்பில் ஒட்டி வைத்தான். சாகும்வரை இடுப்பில் கட்டின சாரத்தோடு இருந்த மனுஷன். ஊரே சிரித்தது. இதுவும் அந்தக் கூத்துதான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, கத்தியை வைத்து மேல் கயிறு ரெண்டையும் அறுத்தேன். ஜெபஸ்டினின் முகம் மடங்கிக் கீழே விழுந்தது.

அந்தப் பேனரைக் கட்டிவிட்டு நின்ற பையன்களில் மூத்தவன் ஓடிவந்தான். அவர்கள் கேப்டனாம், பெயர் சுடலைராஜ்.

“அண்ணாச்சி, ஏன் அறுக்கிய?”

“யாரு உடம்புல யாரு தலைய ஒட்டிக் கொண்டாந்திருக்கிய? செத்தவனக் கேலி பண்ணுதியளா?”

“ஒட்டல அண்ணாச்சி. இது ஜெபா அண்ணனேதான்.”

“ஏலே, அவன எனக்கு இருபத்திரண்டு வருசமாத் தெரியும். அவனுக்குக் கிரிக்கெட்டே பிடிக்காது.”

அவன் போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டு என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

கரிசல் தரை. நாலு எட்டு ஓடிவந்து ஜெபஸ்டின் பந்து போடுகிறான். நடுக்குச்சி பிடுங்கிக்கொண்டு போகிறது. அவன் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு, கத்திக்கொண்டே, மைதானம் முழுக்க ஓடுகிறான். பையன்கள் விரட்டிப் பிடித்துத் தூக்குகிறார்கள். அப்போதும் கத்துகிறான். அவன் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் பெண்கள் அழுகிற சத்தத்தையும் தாண்டி அது கேட்டது.

“எத்தன வருசமா?” என்றேன்.

“பதினஞ்சு வருசமா வாராக. ஞாயித்துக்கெழம மத்தியானம் சர்ச் முடிஞ்சதும் வந்துருவாக.”

ஞாயிறு மத்தியானம். மாமியார் ஊரான பனவடலியில் தோட்டத்துச் சோலி என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவான். மாமியார் வீட்டு மாடு என்று நான்கூடக் கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே பைக்கைக் கிளப்பிவிடுவான்.

உள்ளே போனேன். அவன் மனைவி ஜெனிபா பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கேட்கிற நேரமா அது? ஆனாலும் கேட்டேன்.

“அவனுக்கு வாலிபால் பிடிக்காதாம்மா?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பிடிக்காதுன்னு ஒருநாளும் சொன்னதில்ல அண்ணாச்சி. ஆனா கிரிக்கெட்டுன்னா அவுகளுக்கு உசுரு. ஆளு கொறையுதுன்னு நீங்கதான் மொத நாளு கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனியளாம். ‘நான் விட்டுட்டா மாணிக்கத்துக்குத் தூக்கிக் குடுக்க ஆளு இல்ல’ம்பாக. கிரிக்கெட் ஆடப் போறதச் சொல்லிருங்களேன்னு நான் எத்தனையோ தடவ சொல்லிட்டேன். மாணிக்கம் மனசு கஷ்டப்படுவான், சொல்லாண்டாம்னுட்டாக.”

கிரிக்கெட் பிடிக்காது என்று அவன் எப்போது சொன்னான்? சொன்னதெல்லாம் நான். அவன் பந்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். ஒருநாளாவது, ஒரே ஒரு நாளாவது, உனக்கு எது பிடிக்கும்லே என்று நான் கேட்டிருக்கலாம். பாவி, கேட்கவில்லையே.

வெளியே வந்தேன். பையன்கள் பேனரைத் தரையில் விரித்து, பட்டிருந்த மண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அறுத்ததில் கயிறு குட்டையாகிவிட்டது, கம்பத்துக்கு எட்டவில்லை. என் பைக் பெட்டியில் எங்கள் வாலிபால் வலையைக் கட்டுகிற கயிறு இருந்தது. அதைத் துண்டு போட்டு, நானே ஏறி, நாலு முனையையும் இழுத்துக் கட்டினேன். சுடலைராஜ் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான்.

“மன்னிச்சிருப்பா” என்றேன்.

“விடுங்க அண்ணாச்சி. ஒங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவாக. ஒங்க அடிய எவனாலயும் எடுக்க முடியாதும்பாக.”

அதைக் கேட்டதும்தான் நான் அழுதேன். தெருமுனையில், ஸ்டூல் மேல் நின்றுகொண்டு.

நாலு மணிக்குப் பாஸ்டர் ஐயா ஜெபித்து முடித்தார். மூடுவதற்கு முன் டீம் ஆட்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட வாலிபாலைப் பெட்டிக்குள் வைப்பதாக ஏற்பாடு. பந்து என் கையில்தான் இருந்தது. வாசலில் பனவடலிப் பையன்கள் உள்ளே வரத் தயங்கி நின்றார்கள். சுடலைராஜின் சட்டைப்பை புடைத்துக்கொண்டிருந்தது. கொண்டுவந்துவிட்டு, கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறான்.

“அத இங்கன கொண்டாலே” என்றேன்.

வாலிபாலை அவனிடம் கொடுத்துவிட்டு அந்த டென்னிஸ் பந்தை வாங்கிக்கொண்டேன். ரோமம் தேய்ந்து, கரிசல் மண் ஏறிய பழைய பந்து. ஜெபஸ்டினின் இடது கையைத் தொட்டேன். விரல்கள் விறைத்துப்போய் மடங்கவில்லை. பந்தை உள்ளங்கையில் வைத்து, உருளாமல் என் கையால் மூடிப் பிடித்துக்கொண்டேன். மூடியைக் கொண்டுவந்தவர்கள் காத்து நின்றார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக அவன் எனக்குப் பந்து கொடுத்தான். நான் அவனுக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்.