நாற்பத்தொன்றாம் எண் கட்டுரையின் ஓரம்

திருப்புட்குழியில் ஒரு வீட்டு முற்றத்தில் தொடங்கி, வேலூர் சாலையின் விளிம்போடு எட்டு மைலுக்கு மேல் கடந்து, சின்னக் காஞ்சிபுரம் சந்நிதித் தெருவில் ஒரு மேசையின்மேல் முடிந்த அந்தக் காகித ஓரம், 1964-ஆம் ஆண்டு ஆவணியில் மூன்று விரற்கடை அகலமே இருந்தது. மூன்று விரற்கடை என்பது விதி. காஞ்சி இலக்கிய ஆய்வுக் கழகத்தின் காலாண்டிதழுக்குக் கட்டுரை அனுப்புவோர் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். ஆசிரியர் குறிப்பெழுத இடப்புறம் அவ்வளவு ஓரம் விட வேண்டும். பின்னட்டையின் உட்புறம் அச்சிடப்பட்ட பதினான்கு விதிகளில் இது மூன்றாவது.

விதிகளை வகுத்தவர் இதழாசிரியர் பூவராகவன். அவருக்கு முன்பிருந்த ஆசிரியர் தம் மருமகனின் கட்டுரைகள் மூன்றை ஒரே இதழில் வெளியிட்டதால், 1962-இல் கழகம் இரண்டாகப் பிளக்க இருந்தது. அதன்பின் பொறுப்பேற்ற பூவராகவன், நேர்மையைத் தனிமனிதர்களிடம் ஒப்படைக்கக் கூடாது, விதிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். கட்டுரையாளர் பெயர் ஆசிரியருக்குத் தெரியலாகாது. அது முத்திரையிட்ட உறையில் செயலாளர் சபாபதியின் அலமாரியில் இருக்கும். கட்டுரை பரிசீலனையில் உள்ளவரை ஆசிரியரும் கட்டுரையாளரும் நேரிலோ கடிதத்திலோ ஒருவரையொருவர் அணுகலாகாது. காரணம் கூறாமல் எந்தக் கட்டுரையும் திருப்பப்படலாகாது. இது ஒன்பதாவது விதி. கட்டுரையாளர் விரும்பினால் ஒரே வரி எழுதித் தம் கட்டுரையைத் திரும்பப் பெறலாம், இது பதினான்காவது. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தக் கடைசி விதியை ஒருவரும் பயன்படுத்தவில்லை.

நாற்பத்தொன்றாம் எண்ணிட்ட கட்டுரை, நடவுப் பாட்டில் பெண்கள் எந்தச் சொல்லுக்குப் பின் மூச்சு விடுகிறார்கள் என்பதை ஆராய்ந்தது. அதை எழுதிய காந்தா, திருப்புட்குழி விவசாயக் குடும்பத்துப் பெண், பள்ளி ஆசிரியை, அப்போது வயது இருபத்திரண்டு. தன் பெயரை ஒரு முறையேனும் அச்சில் காண வேண்டும் என்பது அவள் விருப்பம். பூவராகவன் கட்டுரையை ஒரே இருப்பில் இருமுறை படித்தார். மூன்றாம் பத்தியின் ஓரத்தில், “பாடியவர் யார்? பெயர் குறிக்க” என்று எழுதித் திருப்பினார். அடுத்த காலாண்டில் பாடியவரின் பெயர், வயது, நாற்று நட்ட வயலின் பெயர் ஆகியவற்றோடு கட்டுரை வந்தது. முதல் தாளின் ஓரம் நான்கு விரற்கடை ஆகியிருந்தது. பூவராகவன் அளவுகோலை வைத்து இருமுறை அளந்தார். விதியை மீறிய அகலம் என்றாலும், குறைந்தால்தான் குற்றம் என்று கருதி ஏற்றுக்கொண்டார்.

அதன்பின் கட்டுரை போய் வந்த ஒவ்வொரு முறையும் ஓரம் வளர்ந்தது. 1966-இல் ஒரு வேட்டியின் அகலம். 1968-இல் அது புடவைக் கொசுவம்போல் மடித்து மஞ்சள் பையில் வந்தது. எழுத்துப் பகுதி மட்டும் அங்குல அளவும் மாறவில்லை. 1971-இல், பொதிக்குரிய அளவை மீறிவிட்டதென்று அஞ்சலகம் எழுதித் தெரிவிக்கவே, தபால்காரர் தர்மன் ஒரு முனையைக் காந்தாவின் முற்றத்தில் கல் வைத்து நிறுத்திவிட்டு, மிதிவண்டியில் சுற்றை அவிழ்த்துக்கொண்டே வந்து, மறுமுனையை ஆசிரியரின் மேசையில் சேர்த்தார். விடியலில் தெருநெடுகத் தறிக்குப் பாவு நீட்டுகிற ஊரில் நீளமான ஒன்றைப் பார்த்து வியப்பதற்கு யாருக்கும் நேரமில்லை, தாண்டி நடந்தார்கள். அதுமுதல் ஒரு முனையில் எழுதிய வரி எறும்புச் சாரையாக நகர்ந்து மறுநாள் தபால் வேளையில் மறுமுனை சேர்ந்தது. படிக்கப்பட்டதும் திரும்பிப் போய் ஓரத்தில் தனக்குரிய ஆண்டின் இடத்தில் அமர்ந்துகொண்டது.

வழியில் பாலுசெட்டி சத்திரத்தில் டீக்கடை வைத்திருந்த துரைக்கண்ணு, கடந்து போகும் வரிகளை வாடிக்கையாளர்களுக்கு உரக்கப் படித்துச் சொன்னார். “இந்த வாரமும் சான்று பத்தலையாம்பா. அந்தப் பொண்ணு நாத்து நட்டவங்க பேரு, ஊரு, வயசு எல்லாம் எழுதிப் போட்டுச்சி. இன்னும் இன்னா வோணுமாம் அந்த சாருக்கு?” என்று அவர் கேட்டால், “நீ டீயில பால் ஊத்தறேன்னு சொல்றியே, அதுக்கு மொதல்ல ஒரு சான்று காட்டு” என்று யாராவது சொல்வார்கள்.

ஊர் முழுவதும் அறிந்த பெயரை அறியாதவர் பூவராகவன் ஒருவரே. தர்மன் ஒருநாள் மேசையோரம் நின்று, “எட்டு மைலு சார். மெதிச்சா ஒரு மணி நேரம். பேரையாவது சொல்லட்டா?” என்றார். பூவராகவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, “சொல்லாதே தர்மா! சொல்லிட்டா அப்புறம் அந்தக் கட்டுரையை நான் படிக்கவே முடியாது” என்றார். “படிச்சிக்கினேதான் இருக்கீங்க” என்று தர்மன் முணுமுணுத்தது பொத்திய காதுக்கும் கேட்டது.

கட்டுரையை ஏற்றால் பரிசீலனை முடியும், அவளைப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கட்டுரையின் வரவுக்காகத் தாம் காத்திருக்கத் தொடங்கிவிட்டதை 1967-லேயே அவர் உணர்ந்திருந்தார். காத்திருப்பவர் நடுவர் அல்லர். ஏற்றால் அது மருமகனுக்குச் செய்யப்பட்டதைப் போன்ற சலுகை, நிராகரித்தால் பொய். ஆகவே பிழையைத் தேடினார். சிறு பிழை கிடைத்தபோதெல்லாம் அன்று இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டார். திருப்புட்குழியில் காந்தா அச்சை மறந்திருந்தாள். 1969-க்குள் கட்டுரை குற்றமற்றதாகிவிட்டதால், ஒவ்வொரு முறையும் ஓர் ஆண்டையோ ஒரு வயலின் பெயரையோ வேண்டுமென்றே தவறாக எழுதி அனுப்பினாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முற்றத்தில் ஓரத்தை மிதிக்காமல் தாண்டி வந்தார்கள், தாண்டிப் போனார்கள்.

1974-ஆம் ஆண்டு தை மாதம் அவள் பிழை எதையும் வைக்கவில்லை. முப்பத்திரண்டு வயதில், தவறுகளை யோசித்துக் கண்டுபிடிப்பது அவளுக்குச் சலித்திருக்கலாம். அல்லது அவர் என்ன செய்வார் என்று அறிய விரும்பியிருக்கலாம். பூவராகவன் மூன்று வாரம் தேடினார். மேற்கோள்களைப் பின்னிருந்து முன்னாகப் படித்தார். நான்காம் வாரம், “திருத்தி அனுப்புக” என்று மட்டும் எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் விதியை மீறியது அந்த ஒருமுறைதான். அந்த இரண்டு சொற்கள் சத்திரத்தைக் கடந்தபோது, துரைக்கண்ணு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “காரணம் எங்கப்பா?” என்றார். யாரும் கேலி பேசவில்லை.

காந்தா எட்டு நாள் காரணத்துக்காகக் காத்திருந்தாள். ஒன்பதாம் நாள் அவளுடைய வரி புறப்பட்டது, வழியில் நின்றவர்கள் எல்லாரும் படித்தார்கள்: “விதி பதினான்கின்படி கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். விதி ஒன்பதின்படி எனக்குரிய காரணத்தை இனி நேரில் சொல்லலாம்.”

பூவராகவன் அதைப் பதிவேட்டில் ஏற்றினார்; பேனாவை மூடினார்; செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேசையிலிருந்து இறங்கிய ஓரத்தின்மேல் நடக்கத் தொடங்கினார். எழுபத்து மூன்று, எழுபத்திரண்டு என்று ஆண்டுகள் பின்னோக்கி அவர் பாதங்களுக்குக் கீழே வந்தன. தம் குறிப்புகள் ஒவ்வொன்றையும், ஒவ்வொன்றுக்கும் அவள் எழுதிய மறுமொழியையும் அவர் நின்று படித்ததால் நடை தாமதமாயிற்று. சத்திரத்தில் துரைக்கண்ணு, “சார், ஒரு டீ சாப்ட்டுப் போங்க” என்றார். “திரும்பும்போது” என்று சொன்னவர், சிறிது தூரம் சென்று, “திரும்பினால்” என்று திருத்திக்கொண்டார்.

மாலையில் 1964-ஐ அடைந்தார். ஓரம் முடிந்து எழுத்து தொடங்கும் இடத்தில், கல்லுக்குப் பக்கத்தில் காந்தா நின்றிருந்தாள். அவர் காலடியில், “பாடியவர் யார்? பெயர் குறிக்க” என்ற வரி இருந்தது. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எட்டு மைல் யோசித்து வைத்திருந்த காரணம் நினைவுக்கு வரவில்லை.

“உங்க பேர் என்ன?” என்றார்.

“ஊருக்கே தெரியும்” என்றாள். பிறகு சொன்னாள்.

அந்தக் கட்டுரை அச்சாகவில்லை. அடுத்த இதழில் மூன்றாம் விதி, ஓரம் மூன்று விரற்கடைக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று திருத்தப்பட்டது. திருத்தியவர் புதிய ஆசிரியர். சாலையோர ஓரம் அதன்பின் வளரவில்லை, சுருங்கவும் இல்லை. அறுவடைக் காலத்தில் சுற்று வட்டாரத்தார் அதன்மேல் நெல் காயவைத்தார்கள், எழுத்து உள்ள இடங்களை மட்டும் விட்டுவிட்டு.