கொசு கடித்த மலை

தொகுசோவின் பட்டறையில் கத்திக்குக் களிமண் பூசும்போது அவன் மனைவி மிட்சுவேயின் விரல் வழுக்கியதால், மறுநாள் காலை இவாடானி ஊருக்கு மேற்கே நின்ற மலையின் உச்சியில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்த மலையடிவாரத்து மண்ணைத்தான் கரித்தூளோடு குழைத்து, கத்தியின் முதுகில் கனமாகவும் விளிம்பை ஒட்டி மெல்லிசாகவும் பூசுவார்கள். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் மண் மெலிந்த இடம் மட்டும் கடினமாகி வெளுக்கும். நடுவே அலைபோல ஒரு கோடு தெளியும். விளிம்பைக் கீழே வைத்துப் பிடித்தால் கோட்டுக்குக் கீழே வெள்ளையாய் மலை, மேலே வானம். ஜன்னலில் தெரியும் முகட்டைப் பார்த்தே அந்தக் கோட்டை வரைவது பட்டறை வழக்கம். அன்று வானத்து மண் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. "கொசு கடிச்சுதுங்க, கை நழுவிடுச்சு" என்றாள் மிட்சுவே. வெளியே முழங்கால் உயரத்துக்கு வெண்பனி கிடந்தது. தொகுசோ கத்தியை அப்படியே உலையில் வைத்தான்.

பள்ளத்தின் வழியே முதலில் காற்று வந்தது, அடுத்து மிட்சுவேயின் அக்கா கிவாவின் குரல். கிவா மலைக்கு அந்தப்புறத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். மலையைச் சுற்றிப் போய்வர நாள்கணக்காகும். அத்தனை நாள் மருமகளை விட்டுக்கொடுக்கும் மாமியார் இரண்டு ஊரிலும் இல்லை.

"ஏன்டி, முள்ளங்கி ஊறுகாய் போட்டாச்சா?"

"போட்டாச்சுக்கா. உப்புதான் தூக்கல்!"

"உனக்கு என்னிக்கு உப்பு அளவு தெரிஞ்சுது?"

இரண்டு ஊரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டன. பனி உருகிய பிறகு ஒருநாள், ஊர்த்தலைவர் ஒனோவின் கோவணத்தைக் காற்று கொடியிலிருந்து உருவிக்கொண்டுபோய் அந்தப்புறம் போட்டது. "மிட்சுவே! உங்க தலைவர் கோவணம் முழுக்க ஓட்டைடி! தைச்சு அனுப்பவா, மீன் பிடிக்க வச்சுக்கவா?" என்று கிவா கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது.

தலைவர் அன்று மாலையே பட்டறைக்கு வந்தார். "மறுபடி மண்ணைப் பூசி, காய்ச்சி முக்கு. மலை பழையபடி ஆகணும்." மிட்சுவே மண்சட்டியை மடியில் அணைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பள்ளம் மூடினால் அக்காவும் போய்விடுவாள்.

"முக்கலாங்க" என்றான் தொகுசோ. "ஆனா ஒரு தடவ முங்கின கத்தி, மறுதடவ விரிசல் விட்டாலும் விட்டுரும்."

"விட்டா?"

"கத்திக்கு வேற இரும்பு இருக்குங்க."

தலைவர் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். அப்படியானால் கத்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டு என்றார். பூட்டினார்கள். மூடுபனி மலையை விழுங்கியது, வெயில் எட்டிப் பார்க்கவில்லை, காயப்போட்ட துணி எதுவும் காயவில்லை. தலைவரிடம் மிச்சமிருந்தது ஒரே கோவணம். சில நாளில் அவரே வந்து, காலை அகட்டி நின்றபடி, "அந்தக் கத்திய வெளிய எடும்மா" என்றார்.

பிறகு அது மிட்சுவேயின் சமையலறைக் கத்தியானது. வெட்ட வெட்ட மழுங்கியது, அவள் தீட்டினாள். விளிம்பு தேயத் தேய மலை அடியிலிருந்து குறைந்துகொண்டே வந்தது. மலை விட்டுக்கொடுத்த நிலத்தில் இரண்டு ஊரும் நெல் நட்டன. முகட்டுக் கோயிலுக்கு இப்போது கிழவர்கள் ஊன்றுகோல்கூட இல்லாமல் போய் வருகிறார்கள். பட்டறையில் புதுக் கத்திகளுக்குக் கோடு நேராகவே ஓடுகிறது, ஜன்னலில் வேறொன்றும் தெரியாததால். கிவா மட்டும் பழக்கத்தை விடவில்லை. வரப்புக்கு அந்தப்பக்கம் நின்று, தொண்டை கிழிய, "ஏன்டி, உப்புப் போட்டியா?" என்கிறாள்.

"எதுக்குக்கா இந்தக் கூச்சல்?" என்கிறாள் மிட்சுவே, கத்தியைத் தீட்டிக்கொண்டே. "பக்கத்துலதானே நிக்கிறேன்."