பத்தே முக்கால் நல்ல நேரம்

மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில் இருக்கும் சபரிநாதனின் ரிக் செட்டு வருசத்தில் எட்டு மாதம் காலியாகத்தான் கிடக்கும். தண்ணிக்கு போர் போடுகிற ரிக் வண்டியும், அதற்குக் காற்றடிக்கிற கம்ப்ரசர் வண்டியும் ஆட்களை ஏற்றிக்கொண்டு சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று போய்விட்டால் செட்டில் மிஞ்சுவது டீசல் வாடையும் நான்கு தெருநாய்களும்தான். அந்தக் காலி இடத்தைத்தான் ரஞ்சிதா போய்க் கேட்டாள்.

"எதுக்கு?" என்றார் சபரிநாதன்.

"பசங்களுக்கு நாடகம், ஆட்டம், பாட்டு எல்லாம் சொல்லித்தரப் போறேனுங்ண்ணா. மாசம் நூறு ரூவா."

ரஞ்சிதாவின் அப்பா தீர்த்தகிரி அந்த ரிக்கில் இருபது வருசமாக டிரில்லர். இதே வாசலில் 'முதலாளி' என்று சொல்லிக்கொண்டு தள்ளியே நிற்பார். மகளோ 'அண்ணா' என்று அழைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும் விட்டாள். சபரிநாதனுக்கு அது ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறிய பிள்ளை, புதுச்சேரி வரைக்கும் போய் நாடகத்தில் எம்.ஏ. முடித்த பிள்ளை. எழுந்திரு என்று எப்படிச் சொல்வது?

"நூறு ரூவாய்க்கு என்ன வரும், அம்முணி? திருச்செங்கோட்டுல டான்ஸ் கிளாசுக்கு ரெண்டாயிரம் வாங்கறாங்க."

"அதுனாலதானுங்க எங்க தெருப் பிள்ளைக ஒண்ணுகூட அங்க போகலை. அரங்கேத்தம்னா ஒரு கல்யாணச் செலவு. காசிருக்கறவங்க பிள்ளைக்கு மட்டும்தான் கையும் காலும் இருக்குதாட்டிருக்குது."

சபரிநாதன் சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு ஒரு கண்டிசனும் போட்டார். கோழித்தீவனம் விற்கிறவர் ஒருவர் குடோனுக்கு அந்தச் செட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். விஜயதசமி வரைக்கும் ரஞ்சிதா நடத்திப் பார்க்கலாம். அன்றைக்கு மதியத்துக்குள் பதினைந்து பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து கையெழுத்துப் போட்டால் செட்டு அவளுக்கு. வாடகை வேண்டாம், கூட்டிச் சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் மறுநாள் தீவன மூட்டை இறங்கிவிடும்.

"கோழிக்குன்னா உடனே இடம் கிடைக்குது. மனுசப் பிள்ளைக்குத்தான் கையெழுத்து வேணும்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று பாதி வழியில்தான் தோன்றியது. திரும்பிப் போகவும் இல்லை.

இரண்டு மாதம் தினமும் சாயங்காலம் பத்தொன்பது பிள்ளைகள் வந்தார்கள். வெள்ளோட்டம் என்பதால் காசு கிடையாது. அனுப்பியவர்களுக்கு அது கலைப்பள்ளியே இல்லை. பிள்ளைகள் வீட்டில் செல்போனைப் பிடுங்காதபடி இரண்டு மணி நேரம் யாரோ வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். கையெழுத்து என்றதும் எல்லோரும் நழுவினார்கள். கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்குகிற பெருமாயியின் மகன் அறிவு, வந்த பிள்ளைகளில் நல்ல நடிகன். பெருமாயியே, "ஏஞ்சாமி, கூத்தாடறதுக்கு எதுக்கு கையெழுத்து? நாளைக்கு அதையே காட்டிப் பள்ளிக்கூடத்துல ஏதாச்சும் சொல்லிப்போட்டா?" என்றாள்.

ரஞ்சிதா விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "கூத்தாடறதுன்னா அவ்வளவு கேவலமாங்க்கா? அதைப் படிச்சுத்தான் நான் எம்.ஏ. வாங்கியிருக்கறேன்."

"அதான் சொல்றேன். எம்.ஏ. வாங்கியும் செட்டுத்தானே கூட்டற."

இதற்குப் பதில் பேச்சில் இல்லை, நடித்துக் காட்டுவதில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டினாள். விஜயதசமி அன்றைக்கு ஒரு நாடகம், அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து. கதையைப் பிள்ளைகளே சொன்னார்கள். விவசாயம் பார்க்கிற ஒரு காட்டுக்காரர் தண்ணிக்கு அலைகிறார். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடக்கிறார். தேங்காய் எங்கே எழுந்து நிற்கிறதோ அங்கே தண்ணி. தேங்காய் ஒவ்வொரு தடவையும் காட்டுக்காரரின் பங்காளி நிலத்தில் போய்த்தான் எழுந்து நிற்கிறது. நடுவில் ஒரு ரிக் ஓனர், முன்னால் தலையணை வைத்துக் கட்டிய வயிறு. அடிக்கு அடி ரேட்டை ஏற்றிக்கொண்டே போகிறார். ஓனர் வேசம் அறிவுக்கு. செட்டு யாருடையது என்று ரஞ்சிதாவுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் வைத்தாள்.

பயிற்சி முழுக்கக் குரலுக்குத்தான். பிள்ளைகள் வாய் திறப்பதற்குள் கையை ஆட்டினார்கள். "கையை மடக்கு, வாயைத் தொற. கடைசி வரிசைக்குக் கேக்கணும்," என்று கத்திக் கத்தி அவள் தொண்டைதான் கட்டியது.

நேரம் குறிப்பதில் ஒரு சிக்கல். பதினோரு மணி என்று அவள் சொன்னதும் அத்தனை அம்மாக்களும் ஒரே குரலில், "நல்ல நேரம் எப்பங்க?" என்றார்கள். நல்ல நேரமும் கெட்ட நேரமும் சோம்பேறிகள் கண்டுபிடித்தது என்று அவளுக்குத் திடமான கருத்து உண்டு. கருத்தை மென்று விழுங்கிவிட்டுத் தினசரிக் காலண்டரின் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பத்தே முக்கால் முதல் பதினொன்றே முக்கால். பன்னிரண்டுக்குப் பண்ணைக்கு முட்டை பொறுக்கவும் தறிக்கும் போகிறவர்களுக்கும் அது தோதாக இருந்தது. பத்தே முக்காலுக்குத் துவக்கம் என்று நோட்டீஸ் எழுதி ஒட்டினாள்.

ஆயுத பூசைக்கு ரிக் ஊர் திரும்பியது. செட்டுக்குள் வராமல் வெளியே புளியமரத்தடியில் நிற்கட்டும் என்று சபரிநாதனே சொல்லிவிட்டார். இரண்டு வண்டிக்கும் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். ரஞ்சிதாவும் பொரி வாங்கித் தின்றாள். எல்லாம் சுமுகம்.

அவள் மறந்துபோனது மறுநாளை. பூசையில் ஓய்ந்த மிசினை விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் கிளப்ப வேண்டும். கிளப்பினால் அந்த நல்ல நேரம் முடிகிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றால் வருசம் பூரா போர் எல்லாம் தண்ணி வராமல் வெறும் புழுதிப் புகைதான் என்பது ரிக் ஓனர்களின் வேதம். ரிக்காரன் வீட்டுப் பெண் இதை எப்படி மறப்பாள் என்று கேட்கலாம். ஐந்து வருசம் ஹாஸ்டலில் இருந்தவளுக்கு ஆயுத பூசை என்றால் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற லீவு. சபரிநாதன் வீட்டில் தொங்கியதும் அதே காலண்டர்தான்.

எண்பது பேர் தார்ப்பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சபரிநாதனின் மனைவி தனப்பிரியாவுக்கு முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி. அறிவு தலையணை வயிற்றைத் தடவிக்கொண்டு நடு இடத்துக்கு வந்தான். "நான்தான்," என்று வாயைத் திறந்தான்.

வெளியே கம்ப்ரசர் கிளம்பியது.

தகரக் கூரை நடுங்கியது. நாய்கள் ரோட்டைத் தாண்டி ஓடின. அறிவு கடைசி வரிசைக்குக் கேட்கும்படி, மறுநாள் வரைக்கும் கேட்கும்படி கத்தினான். அவன் நாக்கு ஆடுவது மட்டும் தெரிந்தது. ரஞ்சிதா வெளியே பாய்ந்தாள். தேங்காயும் கையுமாக நின்ற சபரிநாதனிடம் போய்க் கத்தினாள். அவர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். ஒரு மணி நேரம். இவள் தலையில் கை வைத்தாள். அவர் வானத்தைக் காட்டினார். சாமி விசயம் என்று அர்த்தம்.

ரிக்கின் லீவரைப் பிடித்துக்கொண்டு நின்ற தீர்த்தகிரி மகளைப் பார்த்துவிட்டார். கம்ப்ரசர் பக்கத்தில் இருபது வருசம் நின்ற காது அது, பாதிதான் மிச்சம். வீட்டில்கூட அவரிடம் கையால்தான் பேச வேண்டும். இரண்டு விரலை முறுக்கி என்ன மாட்டிக்கொண்டது என்று கேட்டார். கம்பி நடுவில் சிக்கினால் ரிக்கில் காட்டுகிற சைகை. அவள் கோபத்தில் யோசிக்காமல் கையிலேயே பொரிந்தாள்: மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்து, நின்றுபோச்சு, ஐந்து விரலையும் குவித்து ஊதி, அத்தனையும் புகை, உன் முதலாளி, முன்னால் வயிறு, அவர்தான்.

அப்பா சிரித்தார். அது போகட்டும், அவர் எதற்கும் சிரிப்பார். திறந்த வாசல் வழியாகப் பார்த்துச் செட்டுக்குள் எண்பது பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெருமாயி தனக்குப் பக்கத்தில் இருந்தவளை இடித்து, வயிறு சைகையைத் திரும்பச் செய்து காட்டினாள்.

ரஞ்சிதா செட்டு வாசலுக்குத் திரும்பி வந்தாள். ரிக்கில் பேச்சு எடுபடாது. அதனால் ரிக்காரர்களுக்குக் கைதான் வாய். தெருவில் பாதி வீட்டு ஆண்கள் ரிக்காரர்கள், ஊருக்கு வருகிறபோது காது மந்தமாகி வருகிறார்கள். அதனால் பெண்டாட்டிக்கும் அதே பேச்சு, பிள்ளைக்கும் அதே பேச்சு. இரண்டு மாதமாக மடக்கு மடக்கு என்று அவள் மடக்கி வைத்ததும் அந்தக் கையைத்தான்.

வாசலில் நின்றபடியே அறிவைப் பார்த்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு தடவை அழுத்தினாள், கம்பியை உள்ளே விடச் சொல்கிற ரிக் சைகை. இறக்கு.

அறிவு இறக்கினான். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் நூறு அடி, இருநூறு அடி, ஐந்நூறு அடி. ஒவ்வொரு அடிக்கும் சட்டைப்பை வீங்கியது. காட்டுக்காரர் இடுப்பு வேட்டியைத் தவிர எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொடுத்தார். தேங்காய்க்காரப் பெண் தேங்காயோடு கூட்டத்துக்குள் இறங்கி, நேராகத் தனப்பிரியாவின் மடிக்கு முன்னால் போய்த் தேங்காயை நிமிர்த்தினாள். அது பயிற்சியில் கிடையாது. தனப்பிரியா தோடு ஆடச் சிரித்தாள். ஆயிரம் அடியில் பிள்ளைகள் விரல்களைக் குவித்து ஊத, கூட்டமே கூட ஊதியது. பூசை முடிந்த ரிக் ஆட்கள் நாலு பேர் ஓரத்தில் வந்து நின்று, காட்டுக்காரரைப் பார்த்து, அங்கே போடாதே, இன்னும் பத்தடி தள்ளு என்று கையால் யோசனை சொன்னார்கள். அவர் அவர்களிடமே திரும்பிச் சண்டைக்குப் போனார். கடைசியில் பங்காளி நிலத்தில் இரண்டு இஞ்சு தண்ணி பீறிட்டு வந்தபோது பத்தொன்பது பிள்ளைகளும் தண்ணியாகி, தார்ப்பாய் மேலெல்லாம் உருண்டார்கள்.

கம்ப்ரசர் நின்றது. நின்ற பிறகுதான் அத்தனை பேர் இவ்வளவு சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பது காதில் விழுந்தது. தங்கள் சத்தம் தங்களுக்கே கேட்டதும் எல்லோரும் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள்.

பதினொன்றே முக்கால். நோட்டும் பேனாவும் மேசை மேல் இருந்தன. யாரும் எழவில்லை. சிரிப்பது வேறு, கையெழுத்து வேறு. பெருமாயிதான் முதலில் வந்தாள். பேனாவைத் தொடாமல் கேட்டாள்.

"இதுல சேந்தா கடைசில என்ன கெடைக்கும்?"

ரஞ்சிதாவிடம் தயாராக ஒரு பதில் இருந்தது: தன்னம்பிக்கை, ஆளுமை வளர்ச்சி, இன்னும் என்னென்னவோ. நோட்டீசிலும் எழுதியிருந்தாள். இப்போது அதை விட்டுவிட்டாள்.

"ஒண்ணும் கெடைக்காதுங்க்கா. வேலை கெடைக்காது. சட்டிபிகேட்டு நான் குடுத்தா ஒருத்தனும் மதிக்க மாட்டான். உங்க பையன் இன்னைக்கு எண்பது பேரை உக்கார வெச்சான். அது வேணும்னா போடுங்க, வேண்டாம்னா முட்டை பொறுக்கப் போங்க, நேரமாச்சு."

பெருமாயி பேனாவை எடுத்தாள். "உனக்கு மாப்பிள்ளை பாக்கறது ரொம்பக் கஷ்டம்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அவள் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

பதினேழு கையெழுத்து. சபரிநாதன் விரலை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார்.

"அந்த வவுறு நாந்தானே?"

"ஆமாங்கண்ணா."

"அவ்வளவு பெருசா இல்லை."

"தனப்பிரியாக்காவைக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்க."

தனப்பிரியா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "தலகாணி கொஞ்சம் சிறுசுதான்," என்றாள்.

சபரிநாதன் சாவியை மேசை மேல் போட்டார். "செட்டு உனக்கு. ஆனா ரிக்கு ஊருக்கு வந்தா பள்ளிக்கூடம் லீவு. அதுக்கு ஒத்துக்கிட்டா எடு."

"வரதுக்கு ஒரு வாரம் முன்னாடி சொல்லணும்."

"என் செட்டுக்கு நான் வரதுக்கு உங்கிட்டச் சொல்லோணுமா?"

"ஆமாங்க. எங்களுக்குப் பதினேழு பேருக்கு டைம்டேபிள் இருக்குது." இந்தத் தடவை சாவியை எடுத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்கண்ணா," என்றும் சொன்னாள். அவருக்கு அதுதான் புதிதாக இருந்தது.

ரிக் மதியமே கிளம்பிவிட்டது. தீர்த்தகிரி வண்டியின் பின்பக்கம் ஏறி நின்றுகொண்டு, முடக்கு திரும்புகிற வரைக்கும் கையால் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். புழுதியில் பாதிதான் புரிந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் ரஞ்சிதா செட்டைத் திறக்க வந்தபோது வாசலில் ஆறேழு அம்மாக்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க டீச்சர், ஒரு ஞாயம் வேணும். பெருமாயி மகனுக்கு ஓனர் வேசம். எம்புள்ளைக்கு மட்டும் எதுக்குங்க தண்ணி வேசம்? நூறு ரூவா அவங்களுக்கும் நூறு, எங்களுக்கும் நூறுதானே?"

"உருண்டதுல சொக்காய் கிழிஞ்சுபோச்சு," என்றாள் இன்னொருத்தி.

"உள்ள வாங்க," என்றாள் ரஞ்சிதா, பூட்டைத் திறந்துகொண்டே. "சண்டையை உக்காந்து போடலாம்."