அக்கா நிரப்பிய அறை

துறைமுகத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பிய அன்று மத்தியானமே எங்கள் கடையில் கழிப்பறைத் தாள் தீர்ந்துவிட்டது. துறைமுகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது எனக்கு விளக்கினால் புண்ணியமாகப் போகும். அந்தத் தாளைச் செய்யும் ஆலை இதே ஊரில், பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில் இருக்கிறது. ஆனால் முன்னால் நிற்பவர் வண்டியில் இரண்டு கட்டு இருந்தால் பின்னால் நிற்பவருக்கு மூன்று கட்டு வேண்டும். அவ்வளவுதான் விஷயம். டை கட்டியவரும் சரி, லுங்கி கட்டியவரும் சரி, அந்த நேரத்தில் எல்லோரும் ஒரே ஜாதி. ஒரு வாரத்தில் அரிசி, பருப்பு, சோப்பு என்று எந்த அலமாரியைப் பார்த்தாலும் பல் போன வாய் மாதிரி இருந்தது.

நான் அந்தக் கடையில் கல்லாவில் இருப்பவள். பொருளைக் கல்லாவுக்கு முன்னால் ஓடுகிற பெல்ட்டில் எடுத்து வைத்தால் போதும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். டயப்பரும் தலைவலி மாத்திரையும் சேர்ந்து வந்தால் முதல் குழந்தை. நேற்றுவரை மலிவு சோப்பு வாங்கிய பையன் திடீரென்று வாசனைத் திரவியம் வாங்கினால் ஆபீசில் யாரோ புதிதாக வந்திருக்கிறாள். வம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு?

அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் அத்தானின் கீழ்வீட்டு அம்மா என் வரிசையில் வந்து நின்றார். அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். அக்கா போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. பிள்ளைகள் இல்லை. அந்த அடுக்குமாடி வீட்டில் மனிதர் தனியாகத்தான் இருக்கிறார். கீழ்வீட்டம்மா மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அத்தான் ரெண்டு டம்ளர் அரிசி கேட்டு வந்தாரும்மா. எங்கிட்டயே இல்லை. பிஸ்கட்டும் டீயுமா ஓட்டிக்கிட்டிருக்காரு போல. ஆள் பாதியாயிட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அந்த வீட்டில் ஒரு அறை நிறைய அரிசியும் பருப்பும் இருக்கிறது.

அதை வாங்கி வைத்தது என் அக்கா. இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் முன்னாலும் இதே மாதிரி ஒரு பீதி வந்தது. அப்போது கப்பல்காரர்கள் வேலைநிறுத்தம். என் அக்கா எதற்கும் அலட்டிக்கொள்ளாதவள். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், அளவு எடுக்காமல் கத்தரியைத் தொடமாட்டாள். அப்படிப்பட்டவள் திடீரென்று கிளம்பிக் கடை கடையாக ஏறி இறங்கினாள். தினமும் இரண்டு கையிலும் பை. தையல் மெஷினை ஹாலுக்குத் தள்ளிவிட்டு, தைக்கிற அறையில் எல்லாவற்றையும் அடுக்க ஆரம்பித்தாள். எனக்கு வந்த கோபம் அதற்காக அல்ல. கூடப் பிறந்தவள் கல்லாவில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வார்த்தை சொன்னால் எடுத்து வைத்திருக்க மாட்டேனா? என் கடைக்கு மட்டும் அவள் வரவே இல்லை. இரண்டு பஸ் மாறி எங்கெங்கோ போனாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அத்தான் அவளைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இருந்தார். லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் எல்லாப் பட்டனையும் அமுக்குவார்களாம். அமுக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவர்களுக்கே தெரியுமாம். சும்மா நிற்க முடியாது, கைக்கு ஒரு வேலை வேண்டும், அதற்காக அமுக்குவது. "உங்க அக்காவும் பட்டனை அமுக்கிட்டிருக்கா" என்று என்னிடம் சிரித்தார். ஒருநாள் சிரிப்பு போய் எரிச்சல் வந்து, இருப்பது ரெண்டு பேர், இத்தனையையும் யார் திங்கிறது என்று கத்திவிட்டார். அக்கா பதிலுக்குக் கத்தவில்லை. இருக்கட்டும் என்றாளாம்.

கப்பல் வந்தது, ஊர் மறந்தது. அடுத்த நாலு மாதத்தில் அக்கா ஆஸ்பத்திரியில் படுத்தாள். படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வயிற்றில் கட்டி, ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது என்றார் டாக்டர். எங்களுக்கு அது தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. காரியமெல்லாம் முடிந்த கையோடு அத்தான் அந்த அறையைப் பூட்டினார். ஒரு தடவை நான் திறக்கப் போனபோது வேண்டாம் என்று தடுத்துவிட்டார். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் உள்ளே பை சரசரக்கிறது, அவள் அடுக்கிக்கொண்டிருக்கிறாள், தொந்தரவு பண்ணாதே என்றார். வெயில் இறங்கினால் பிளாஸ்டிக் சரசரக்கத்தான் செய்யும், எங்கள் கிடங்கில்கூடச் சரசரக்கிறது, அங்கே யார் அடுக்குகிறார்கள் என்று கேட்டேன். சொந்த மச்சினியின் நக்கலுக்கு எப்போதும் சிரித்துவிடுகிறவர் அன்று சிரிக்கவில்லை.

துக்கம் என்று விட்டுவிட்டேன். ஆனால் துக்கத்துக்காக ஒருவர் நிறைந்த அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் டம்ளரை நீட்டுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விடுமுறை நாளில் கிளம்பிப் போனேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் எப்போதும் உண்டு. அடுப்படியில் அரிசி டப்பா காலி. பிஸ்கட் பாக்கெட் ஒன்று ரப்பர் பேண்ட் போட்டு மூலையில் இருந்தது. இன்றைக்கு அந்த அறையைத் திறந்து இந்த மனிதரைச் சாப்பிட வைக்காமல் போவதில்லை என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அறைச் சாவி ஆணியில்தான் தொங்கியது.

கதவைத் திறந்ததும் சோப்பு வாசனையும் சலவைத்தூள் வாசனையும் ஒன்றாக வந்து முகத்தில் அடித்தன. ஜன்னலை மறைத்து மேல்வரை அடுக்கியிருந்தாள். தூசி படிந்திருந்தது, ஆனால் ஒரு பாக்கெட் கோணலாக இல்லை. தேதி தாண்டியதைத் தனியாக எடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். எங்கள் கடையில் ஒரு முறை உண்டு, சீக்கிரம் காலாவதி ஆகிறதை முன்னாலும் நாள் இருப்பதைப் பின்னாலும் வைப்போம். வாங்குபவர் யோசிக்காமல் முன்னால் இருப்பதை எடுத்துக்கொண்டு போவார். அக்காவும் அப்படியே அடுக்கியிருந்தாள். என்றைக்கோ நான் பேச்சுவாக்கில் சொன்னதை இவள் நினைவு வைத்திருக்கிறாளே என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது.

அரிசி எல்லாம் காற்றை உறிஞ்சி அடைத்த சின்ன பாக்கெட்டுகள். மூட்டையாக வாங்கினால் விலை குறையும் என்று என்னிடம் பாடம் எடுப்பவள் எதற்குச் சின்னதாக வாங்கினாள் என்று முனகிக்கொண்டே நகர்த்தினேன். மீன் டின்கள் எல்லாமே வளையத்தைப் பிடித்து இழுத்தால் திறக்கிற வகை. அத்தான் ஒருமுறை டின்னைத் திறக்கப்போய்க் கையைக் கிழித்துக்கொண்டவர். அடுத்தது நூடுல்ஸ், வெந்நீர் ஊற்றினால் போதும். சவர பிளேடு. பாதத்துக்குப் போடுகிற பவுடர். அத்தான் தேய்த்துக் குளிக்கிற மஞ்சள் சோப்பு அடுக்கடுக்காக. டீத்தூள்.

கை அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. கண், பழக்கதோஷத்தில், பெல்ட்டில் வரும் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தது. மனம் தானாகவே சொன்னது: ஆம்பளை, ஒண்டிக்கட்டை, சமைக்கத் தெரியாது.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த மஞ்சள் சோப்பு அக்காவுக்கு ஆகாது. போட்டால் உடம்பெல்லாம் தடிக்கும், அவளுக்கு வெள்ளை சோப்புதான். அந்த அறையில் வெள்ளை சோப்பு ஒன்றுகூட இல்லை. பைத்தியம் பிடித்தவள் மாதிரி தேட ஆரம்பித்தேன். அவள் தலைக்குத் தடவுகிற எண்ணெய் இல்லை. தலைச்சாயம் இல்லை. என் அக்கா கண் விழித்ததும் காபி, தைக்க உட்கார்ந்தால் காபி, சண்டை போட்டால் காபி என்று இருந்தவள். டீ வாசனையே அவளுக்குப் பிடிக்காது. கடைசி வரிசைக்குப் பின்னால், சுவர் தெரிகிற வரை கையை விட்டுத் துழாவினேன். காபித்தூள் ஒரு பொட்டலம்கூட இல்லை.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் பை சரசரத்தது. ஒரு பாக்கெட்டின் மேல் இன்னொரு பாக்கெட்டை வைத்து, உள்ளங்கையால் அமுக்கிச் சமன் பண்ணுகிற சத்தம். வெயில் இன்னும் இறங்கவில்லை. "அக்கா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது என் வாய்தான், நான் அல்ல. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊரே பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தபோது இவள் மட்டும் அளவெடுத்திருக்கிறாள். அத்தான் எத்தனை நாளைக்கு ஒரு பிளேடு மாற்றுவார், ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுவார் என்று நாடா பிடித்து அளந்த மாதிரி வாங்கியிருக்கிறாள். கூட்டத்தோடு கூட்டமாக நின்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எல்லோரும் பயந்து வாங்கும்போது அவளும் பயந்து வாங்குகிறாள் என்றுதான் நினைப்பார்கள். என் கடைக்கு ஏன் வரவில்லை என்பதும் எனக்குப் புரிந்தது. பெல்ட்டில் வைத்த மாத்திரத்தில் நான் சொல்லியிருப்பேன், எங்கே அக்கா உன் காபித்தூள் என்று. அதற்கு அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது. அவளை நினைத்து அழுதேன். அதைவிட, ஒருத்தரிடமும் சொல்லாமல் சுமந்தாளே என்று அவள் மேல் வந்த ஆத்திரத்தில்தான் அதிகம் அழுதேன்.

வாசல் கதவு திறந்த சத்தம் கேட்டது. அன்றைக்கு லிஃப்ட் பாகங்கள் வராததால் வேலையைச் சீக்கிரம் முடித்து அனுப்பிவிட்டார்களாம். அத்தான் அறை வாசலில் வந்து நின்றார். இடுப்பு பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். கண்டுபிடித்ததை இவரிடம் எந்தக் காலத்திலும் சொல்லக்கூடாது என்று மனதுக்குள் முடிவு பண்ணிக்கொண்டு, தூசி கண்ணில் விழுந்துவிட்டது, மனுஷனுக்குக் கிறுக்கா, இத்தனையை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பீர்களா என்று வழக்கம்போலக் கத்த ஆரம்பித்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சோப்பு அடுக்கைப் பார்த்தார்.

"வெள்ளை சோப்பு தேடினியா?" என்றார்.



வாசலிலேயே உட்கார்ந்து சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், குளிக்க அவள் சாமான்களை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு ஓடிவந்தவர் இந்த அறையில் இல்லாததா என்று நேராக இங்கே வந்திருக்கிறார். நான் தேடிய மாதிரியே தேடியிருக்கிறார். கடைசியில் தெருமுனைக் கடையில் ஒரு வெள்ளை சோப்பு வாங்கிக்கொண்டு போனாராம்.

"நம்ம ரூம்ல இருந்துதான் எடுத்துட்டு வந்தேன்னு சொல்லிக் குடுத்தேன். ரொம்ப நேரம் அந்த சோப்பையே பார்த்தா. 'இருந்துச்சா?'ன்னு கேட்டா. 'இருந்துச்சு'ன்னேன்."

அதைப் பற்றி இருவருக்கும் கடைசிவரை அவ்வளவுதான் பேச்சு. இத்தனை நாளாக இவர் இதைத் தனியாகத் தின்று செரித்துக்கொண்டிருக்கிறார். அவளே உங்களுக்காகத்தானே வாங்கி வைத்தாள், அதைத் தொடாமல் இருந்தால் அவள் மனசு ஆறுமா என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எல்லாமே எனக்கு மட்டும்தான் வாங்கியிருக்கா. இதுல ஒண்ணைப் பிரிச்சா, நான் தனி ஆளுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அவ இல்லைன்னு ஆயிடும்."

நான் நல்ல வார்த்தை சொல்லி யாரையும் தேற்றத் தெரியாதவள். அவரைத் தாண்டிப் போய், முன்வரிசையில் முதலாவதாக இருந்த அரிசிப் பாக்கெட்டை எடுத்தேன், பக்கத்தில் இருந்த பருப்பையும் எடுத்தேன். எனக்கும் பசிக்கிறது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, அக்கா வீட்டுக்கு வந்தவளை வெறும் வயிற்றோடு அனுப்புவீர்களா என்று கேட்டேன். அவர் எழுந்திருக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அடுப்படியில் நின்று பாக்கெட்டைக் கத்தரியால் வெட்டினேன். வெளியில் இருந்த காற்று உஸ் என்று உள்ளே போனது. அறை வாசலில் அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

சோறும் பருப்பும்தான். இருவருக்கும் தட்டு வைத்தேன். அவர் கையை வைக்கவில்லை. நான் சாப்பிட ஆரம்பித்தேன். விடாமல் தின்றேன். பிறகு அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்று முழுங்க அவருக்கு நேரம் பிடித்தது. பிறகு இன்னொரு வாய். தட்டில் பாதி ஆனதும் கையை நிறுத்தினார்.

"இது தீர்ந்துடும்ல?"

நான் வாங்கி நிரப்பி வைக்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அது வேறு அரிசி என்று அவருக்கும் தெரியும்.

"தீரும் அத்தான்" என்றேன்.

அவர் தலையசைத்தார். மீதிச் சோற்றையும் வழித்துச் சாப்பிட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.