மணவிருந்துக்குக் கோக்கனி

தன் மகள் லின்னியாவின் திருமண விருந்தில் கடலுக்குப் போகாமல் எங்கள் ஏரியிலேயே வாழும் சிறு சால்மனான கோக்கனி மீனே முதலில் பரிமாறப்படும் என்று என் அக்கா டோரிட், நிச்சயதார்த்தத்தன்றே இரு வீட்டார் முன்னிலையில் அறிவித்திருந்தாள். அதைக் கேட்டு மாப்பிள்ளையின் தந்தை ஹாக்கன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் ஆரிகன் கடற்கரையில் சால்மன் பிடிக்கும் படகொன்றின் தலைவர். சிரித்தால் மேசையில் உள்ள கரண்டிகள் அதிரும்.

"கோக்கனியா? எங்க ஊர்ல அந்த அளவு மீனத் தூண்டில்ல இரையா மாட்டுவோம் சம்பந்தியம்மா!"

"நல்லா மாட்டுங்க. நாங்க அதத் தட்டுல வெப்போம்," என்றாள் அக்கா.

எங்கள் குடும்பத்தில் திருமணத்திற்கு முந்தைய நாள் மாலை, மீனுக்குப் புகையேற்றும் கூண்டான புகைக்கூண்டு மூட்டப்படும். மணமகள் வீட்டார் தம் ஏரியில் தாமே பிடித்த மீன் அதில் இரவெல்லாம் தொங்கும். மறுநாள் விருந்து அதைக் கொண்டே தொடங்கும். ஹாக்கனோ, திருமணத்திற்கு முந்தைய நாளுக்கும் முந்தைய நாள், தம் சரக்கு வண்டியில் பனிக்கட்டிப் பெட்டி ஒன்றுடன் வந்து இறங்கினார். அதனுள் ஆட்டுக்குட்டி அளவுள்ள கடல் சால்மன்கள் கிடந்தன. "ஒருவேளை தேவப்பட்டா இருக்கட்டுமேன்னு," என்றார். சம்பந்தி கொண்டுவந்த மீன் தன் புகைக்கூண்டில் தொங்குமானால், அக்கா எங்கள் ஊரில் எவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். இதனை நான் அறிவேன். ஹாக்கனும் அறிந்தே இருந்தார்.

இந்நிலையில் எங்கள் இயந்திரப் படகு பழுதடைந்தது. படகும் அதனோடு பொருத்தப்பட்ட தூண்டில் கருவிகள் அனைத்தும் பட்டறைக்குள் பூட்டப்பட்டிருந்தன. வீட்டில் எஞ்சியவை ஒரு பழைய தூண்டில் கோலும் சில கொக்கிகளும் மட்டுமே. பட்டறைக்காரரோ வைக்கோல் அறுவடைக்காகத் தம் மாமனார் ஊருக்குச் சென்றிருந்தார். தொலைபேசியில் அழைத்தோம், மாடுகளின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"சரி, லின்னியாவோட மஞ்சள் கயாக் இருக்குல்ல?" என்றாள் அக்கா.

"அக்கா, அது பொண்ணுங்க வெயில் காயற சின்னத் துடுப்புப் படகு!"

"மிதக்குதா இல்லையா? அதச் சொல்லு."

அக்கா பள்ளிச் சமையற்கூடத்தின் தலைமைச் சமையற்காரி. அன்றிரவு அவள் அங்கிருந்து ஒரு பெட்டி நிறையச் சாமான்களைக் கொண்டுவந்தாள். ஒரு சூப்புக் கரண்டியின் காம்பை அறுத்து நீக்கி, அதன் குழியைச் சுத்தியலால் தட்டி, நீரில் இழுக்கும்போது இருபுறமும் தள்ளாடும் மினுக்குத் தகடாக மாற்றினாள். இளஞ்சிவப்பு ரப்பர் கையுறையின் விரலைக் கீறிக் குஞ்சம் செய்து சிறு கொக்கியின் மேல் கட்டினாள். மேலே தூக்கித் திறக்கும் பழைய சன்னலுக்கு எதிர்பாரமாக இருந்த இரும்புக் குண்டு ஆழத்திற்கான எடையாயிற்று. துணி உலர்த்தும் கொடியில் இரு கைகளையும் விரித்த நீளத்திற்கு ஒரு முடிச்சு வீதம் இட்டு, அதன் நுனியில் அக்குண்டையும் ஒரு மரத் துணிக்கிளிப்பையும் கட்டினாள். தூண்டில் நூலைக் கிளிப்பில் கவ்வவைத்தால், குண்டு அதனை ஆழத்திற்கு இழுத்துச் செல்லும். மீன் கடித்தவுடன் நூல் கிளிப்பிலிருந்து விடுபடும். கொக்கியில் செருகுவதற்கு வெள்ளைச் சோள மணிகளைப் பூண்டோடு சூரை டப்பா எண்ணெயில் ஊறவைத்தாள். மீனை அள்ளுவதற்கு வலைக்குப் பதிலாக, உருளைக்கிழங்கு பொரிக்கும் நீண்ட கைப்பிடிச் சல்லடை அமைந்தது.

மறுநாள் விடியற்காலையில் நாங்கள் நீரில் இறங்கினோம். மீனை நண்பகலுக்குள் உப்பும் பழுப்புச் சர்க்கரையும் கரைத்த நீரில் இட்டாக வேண்டும். அன்றேல் மாலையில் புகையேற்ற இயலாது. மேலும், எங்கள் ஏரியில் நண்பகலுக்கு முன்பே தெற்கிலிருந்து காற்றெழும். அதன்பின் அங்கே கயாக்கிற்கு வேலையில்லை.

அக்கா மஞ்சள் கயாக்கில் தனியே அமர்ந்தாள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய, இருவர் அமரும் பச்சைக் கயாக்கில் நானும், வேடிக்கை பார்க்க வந்த ஹாக்கனும் ஏறினோம். அவர் முன்னிருக்கையில் அமர்ந்ததும் என் பின்னிருக்கை நீரைவிட்டு உயர்ந்தது.

"வெர்ன், நீ துடுப்புப் போடு தம்பி. நான் பாரமா இருக்கேன்," என்றார் அவர்.

"அது தெரியுது."

அக்கா முடிச்சுகளை விரல்களால் தடவிப் பார்த்தவாறே குண்டை இறக்கினாள். கோடையில் கோக்கனி வெதுவெதுப்பான மேல்நீரை விடுத்து, குளிர்நீர் தொடங்கும் ஆழத்தில் கூட்டமாக உலவும். அவ்வாழத்தைக் காட்ட அவளிடம் எக்கருவியும் இல்லை. முந்தைய வாரம் இயந்திரப் படகில் கிடைத்த ஆழத்தை நினைவில் வைத்து நிறுத்தினாள். பின்னர் தூண்டில் கோலை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு துடுப்பிட்டாள்.

அவள் துடுப்பிட்ட முறையை நான் இன்றும் வியக்கிறேன். இரண்டு வீச்சு, ஒரு சிறு நிறுத்தம். மறுபடி இரண்டு வீச்சு. நேர்கோட்டில் செல்லாமல் பாம்பு ஊர்வதுபோல் வளைந்து வளைந்து சென்றாள். வீச்சின்போது கரண்டித் தகடு துடித்தது. நிறுத்தத்தின்போது தளர்ந்து தாழ்ந்தது. கோக்கனி நுண்ணுயிர்களைத் தின்று வாழும் மீனாதலால், பசியினால் தூண்டிலைக் கடிப்பதில்லை. தன் முன்னே ஓயாமல் ஆடும் பொருள்மீது எரிச்சலுற்றே கடிக்கிறது.

"அதுக்கு எரிச்சல் வரணும் சம்பந்தி. அதான் சூட்சுமம்," என்றாள் அக்கா.

"அப்ப உங்களுக்கு நிறையக் கெடைக்கும்," என்றார் ஹாக்கன்.

அவர் கூறி முடிப்பதற்குள் கோலின் நுனி துள்ளியது. நூல் கிளிப்பிலிருந்து விடுபட்டது. அக்கா ஒரு கையால் சுருளைச் சுற்றினாள்; மறுகையால் துடுப்பை இருபுறமும் மாற்றி மாற்றி இட்டாள். ஏரியின் பரப்பில் வெள்ளி போன்றதோர் உடல் புரண்டது. அடுத்த கணம் கோல் நிமிர்ந்துகொண்டது. கொக்கி வெறுமையாக வந்தது.

இரண்டாவது மீனும் அவ்வாறே தப்பியது. மூன்றாவது, சல்லடையின் விளிம்பைத் தொட்டுச் சென்றது. கோக்கனியின் உதடு நனைந்த காகிதத்தை ஒத்தது. சற்றே வலிந்து இழுத்தாலும் கிழிந்துவிடும்.

ஹாக்கன் முதலில் சிரித்தார். மூன்றாவது மீனுக்குப் பின் அவர் சிரிக்கவில்லை.

அக்கா துடுப்பை மடிமீது வைத்துவிட்டு நீரையே நோக்கினாள். "மீனு கடிக்கறது என் துடுப்பால. கிழிஞ்சி போறதும் என் துடுப்பாலதான்," என்றாள். "மோட்டார் ஒரே சீரா இழுக்கும். நான் வெட்டி வெட்டி இழுக்கறேன். ஒவ்வொரு வீச்சும் அதோட வாயப் பிக்குது."

"மீன் மாட்டினதும் துடுப்ப நிறுத்திருங்களேன்," என்றார் ஹாக்கன்.

"நிறுத்தினா நூல் தொய்யும். என் கொக்கியில எதிர்முள்ளு கெடையாது, நழுவிரும். நடுவுல நீளறாப்ல ஏதாவது வேணும். ரப்பரு."

உடன் கொண்டுவந்த கையுறையின் மற்றொரு விரலைக் கீறி நூலின் நடுவே கட்டிப் பார்த்தாள். நான்காவது மீன் அதனைப் பாதி கிழித்துவிட்டது; இன்னும் சற்று இழுத்திருந்தால் கரண்டித் தகடும் கொக்கியும் அதனோடு போயிருக்கும். நல்வேளையாக, தன் உதட்டை மட்டும் கிழித்துக்கொண்டு தப்பியது. தென்கரையில் நீர் கருமை அடையத் தொடங்கியது. காற்று புறப்பட்டுவிட்டது.

"டேய் வெர்ன், உன்கிட்ட ரப்பர் ஏதாவது இருக்கா?"

நான் சட்டைப்பையையும் காலணியையும் ஆராய்ந்தேன். ஒன்றுமில்லை. நிமிர்ந்தபோது, அக்காவின் பார்வை என்மீது இல்லை என்பதைக் கண்டேன். அவள் ஹாக்கனின் தோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடற்கரைக்காரர்கள் இடைவாரை நம்புவதில்லை. அவருடைய அகன்ற கால்சட்டையை இரண்டு சிவப்பு ரப்பர் வார்களே தோள்மீதிருந்து தாங்கியிருந்தன.

அக்கா வாய்திறந்து கேட்கவில்லை. ஹாக்கன் தம் வார்களைக் குனிந்து பார்த்தார், தென்கரையையும் பார்த்தார். இன்னும் சிறிது நேரம் அவர் பேசாதிருந்தால் போதும். காற்று வந்து அனைத்தையும் முடித்துவைக்கும். அவருடைய சால்மன்கள் புகைக்கூண்டில் ஏறும்.

"ஒண்ணு போதுமா, ரெண்டும் வேணுமா?" என்று கேட்டார் அவர்.

"ஒண்ணு போதும் சம்பந்தி."

"ரெண்டையும் புடிங்க. ஒத்த வாரு கோணலா இழுக்கும்."

நான் கயாக்கை நெருங்கவிட, வார்கள் கைமாறின. அக்கா பல்லால் தையலைப் பிரித்து, துணிக்குள்ளிருந்த ரப்பர் இழைகளை உருவி, மூன்றை ஒன்றாகப் பின்னி, ஒரு சாண் நீளத்திற்குத் தகட்டின் முன்னே நூலில் இணைத்தாள். இழுத்துப் பார்த்தாள், நீண்டது. விட்டாள், சுருங்கியது. குண்டு மீண்டும் ஆழத்திற்குச் சென்றது.

அடுத்துக் கடித்த மீன் கயாக்கின் மூக்கை ஒருமுறையும் வாலை ஒருமுறையும் சுற்றியது. அக்கா வீசினாள், ரப்பர் நீண்டு, அவ்வீச்சின் வேகத்தைத் தான் விழுங்கிக்கொண்டது.

"இழுக்காதீங்க! விடுங்க, விளையாடட்டும்! மெதுவா, மெதுவா!" என்று ஹாக்கன் எழுந்தே கத்தினார். எங்கள் கயாக் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"உக்காருங்கய்யா! நாம ரெண்டு பேரும் இரையாயிருவோம்!" என்றேன் நான்.

அக்கா கோலைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே இடுக்கினாள், இடக்கையால் ஒற்றைத் துடுப்பு வீச்சு, வலக்கையால் சல்லடை. மீனைத் துரத்தவில்லை. சல்லடையை நீருக்குள் அமிழ்த்திக் காத்திருந்து, மீன் தானே அதன்மேல் வந்த கணத்தில் உயர்த்தினாள். முதற் கோக்கனி வெள்ளி நாணயம்போல் ஒளிர்ந்தது. அவள் உடனே அதன் செவுளை வெட்டிக் குருதியை வடித்து, பனிநீர்ப் பையில் இட்டாள். ஹாக்கன் அதனைக் கூர்ந்து நோக்கித் தலையசைத்தார். மீனைப் பிடிப்பவர்கள் பலர். பிடித்த மீனை மதிப்பவர்கள் சிலர். அவர் இரண்டாம் வகையினரை அறிந்தவர்.

அதன்பின் அக்கா அந்தக் கூட்டத்தை விட்டு விலகவே இல்லை. கடித்த இடத்தையே எட்டு வடிவில் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒன்றிரண்டு தப்பின, பெரும்பாலானவை பையை அடைந்தன. ஒவ்வொன்றிற்கும் எங்கள் படகின் முன்னிருக்கையிலிருந்து கட்டளைகள் எழுந்தன. அவற்றுள் ஒன்றையும் அவள் பின்பற்றவில்லை. சட்டம் ஒருவருக்கு விதித்த எண்ணிக்கையை அவள் நிறைவு செய்தபோது, அலைகளின் தலை வெளுத்திருந்தது. நாங்கள் முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு கரைக்கு விரைந்தோம்.

துறையில் அக்கா முதல் மீனை நீளவாக்கில் பிளந்தாள். உள்ளே சதை செம்பரத்தை நிறத்தில் இருந்தது. ஹாக்கன் விரலால் அழுத்திப் பார்த்தார். சதை உடனே எழும்பிற்று.

"கடலுக்கே போகாத மீனுக்கு இந்த நெறமா?"

"வீட்டோட இருக்கறவங்களும் செவப்பா இருப்பாங்க சம்பந்தி."

அவர் உடனே தம் மனைவியைத் தொலைபேசியில் அழைத்தார். "அந்தப் பெட்டியத் திரும்ப வண்டியில ஏத்தச் சொல்லு... ஆமா, பூரா. ஏன்னு வந்து சொல்றேன். அப்புறம், என்னோட இன்னொரு கால்சட்டை எங்க வெச்சிருக்க?"

"ஏன் ஏத்தணும்?" என்றாள் அக்கா கத்தியை நிறுத்தாமலே. "கல்யாணத்துக்கு மறுநாள் அத்தன பேருக்கும் சூப்பு வெக்க ஆகும். புகக்கூண்டு மட்டும் என்னோடது."

"உங்களதுதான்," என்றார் ஹாக்கன்.

மாலையில் உப்புநீரிலிருந்து எடுத்த மீன்கள் காற்றில் உலர்ந்து, கூண்டினுள் வரிசையாகத் தொங்கின. மாற்றுக் கால்சட்டை அவர் தங்கியிருந்த விடுதியில் இருந்தது; அதை எடுத்துவர ஹாக்கன் செல்லவில்லை. ஆல்டர் மரத்து விறகு ஈரமாக இருந்ததால் தீ பற்ற மறுத்தது. அவர் எங்களை விலகச் சொல்லிவிட்டு, கூண்டின் முன் மண்டியிட்டு, ஒரு கையால் கால்சட்டையைப் பற்றியவாறு, புகை எழும்வரை ஊதினார்.